நீண்ட சைக்கிள் பயணத்தில் சக்தி வற்றினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நீண்ட சைக்கிள் பயணத்தில் சக்தி தீர்ந்துபோகிற இடம் ஒன்று. அதற்கான காரணம் கிடக்கிற இடம் வேறு. நான்காவது மணி நேரத்தில் கால் மிதிக்க மறுக்கும்போது, எதிரே நிற்கும் ஏற்றத்தையோ முகத்தில் அறையும் காற்றையோதான் குற்றம் சொல்லத் தோன்றும். பெரும்பாலும் அது முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம். கிளம்பிய உற்சாகத்தில் விரட்டியிருப்பீர்கள். பசிக்கவில்லையே என்று சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே வந்திருப்பீர்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, நின்ற இடத்தில் உடனே செய்ய வேண்டியது. மற்றொன்று, அடுத்த பயணத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே மாற்ற வேண்டியது. இரண்டாவதுதான் உண்மையான மருந்து.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு, முன்பே ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் உடலில் உள்ள சேமிப்பே போதும்.

எதையும் சரிசெய்யும் முன்

பேச்சு குழறுகிறது, சைக்கிள் நேர்கோட்டில் போகவில்லை, நெஞ்சு வலிக்கிறது, கடும் வெயிலில் குழப்பமும் வாந்தியும் சேர்ந்து வருகின்றன என்றால் சாப்பாட்டு ஆராய்ச்சி வேண்டாம். சாலையை விட்டு ஓரமாக இறங்கி, நிழலில் உட்கார்ந்து, உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலியோ வெயிலில் குழப்பமோ மருத்துவ அவசரம். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இங்கே உள்ள அளவுகள் பொருந்தாது. மருத்துவரோடு பேசி வகுத்த தனித் திட்டம் இல்லாமல் அவர்கள் நீண்ட பயணம் போகக் கூடாது.

அடிப்படைக் கணக்கு

உடல் மாவுச்சத்தை (சர்க்கரையும் இதில் அடக்கம்) கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் இரண்டு இடங்களில் சேர்த்து வைக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம். தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை. கல்லீரலில் இருப்பது ரத்தத்துக்கு வந்து மூளைக்கும் போகும், கால்களுக்கும் போகும். தசையில் இருப்பதோ அந்தத் தசையை விட்டு வெளியேற முடியாது. கைகளில் தேங்கியிருக்கும் கிளைக்கோஜன், கால்கள் காய்ந்துபோனாலும் உதவிக்கு வராது. தலை சுற்றுவதும் கால் ஓய்வதும் இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக வருவது இதனால்தான்.

கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. ஒல்லியான மனிதர்கூடப் பல நாட்களுக்கு வேண்டிய கொழுப்பைச் சுமந்துகொண்டுதான் ஓட்டுகிறார். ஆனால் அது மெல்ல எரியும். மெதுவாக மிதிக்கும்போது கொழுப்பு பெரும்பங்கைத் தாங்குகிறது. வேகம் கூடக் கூட மாவுச்சத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு விதி இருக்கிறது.

அறிகுறி: தலை கிறுகிறுக்கிறது, கை நடுங்குகிறது, எல்லாவற்றின் மீதும் எரிச்சல் வருகிறது

கல்லீரல் சேமிப்பு வற்றி, ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. குளிர்ந்த வியர்வை, பார்வை மங்கல், திடீர்ப் பசி ஆகியவையும் கூட வரலாம். இவற்றுக்கெல்லாம் முன்பே வரும் அடையாளம் மனநிலைதான். இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்ற எளிய கழித்தல் கணக்கு வராது. கூட ஓட்டுபவர் சொன்ன சாதாரண வார்த்தை கோபமூட்டும். இந்தப் பாதையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற எண்ணம் கிளம்பும். நீண்ட பயணத்தின் நடுவில் திடீரென்று எல்லாமே வெறுத்துப்போனால், முதலில் ஏதாவது இனிப்பைச் சாப்பிட்டுப் பாருங்கள். வெறுப்பில் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

உடனே செய்ய வேண்டியது: வேகத்தை நன்றாகக் குறையுங்கள்; நடுக்கம் இருந்தால் இறங்கி நில்லுங்கள். 30 முதல் 40 கிராம் வரை விரைவாகச் செரிக்கும் சர்க்கரை வேண்டும். இனிப்புப் பானம், ஒன்றரை ஜெல் (சிறு பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்), குளுக்கோஸ் மாத்திரைகள், தண்ணீரில் கரைத்த வெறும் சர்க்கரை என எதுவும் ஆகும். வேர்க்கடலையோ சாக்லேட்டோ இந்த நேரத்துக்கு ஆகாது. அவற்றின் கொழுப்பு இரைப்பையிலிருந்து சர்க்கரை இறங்குவதைத் தாமதப்படுத்தும். 10 முதல் 15 நிமிடம் பொறுங்கள். பிறகு இன்னொரு 20, 30 கிராம். தலை தெளிந்த பின் ரொட்டியோ வாழைப்பழமோ சாப்பிடலாம்.

இந்தக் காத்திருப்பே ஒரு சோதனையும்கூட. கால் மணி நேரத்தில் தலை தெளிந்தால் கோளாறு சர்க்கரைதான். தெளியவில்லை என்றால் வெப்பம், தண்ணீர், உப்பு ஆகியவற்றைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இங்கே பலர் இரண்டாம் முறை சறுக்குகிறார்கள். தலை தெளிந்ததும் பழைய வேகத்துக்குத் திரும்புவார்கள். உள்ளே போன 40 கிராம் சீக்கிரமே எரிந்து தீர, மறுபடியும் அதே நடுக்கம் வரும். ஒருமுறை வற்றிய கல்லீரல் அந்தப் பயணத்தில் நிறையப்போவதில்லை. இனி வீடு போய்ச் சேரும்வரை கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வாய்க்குள் போக வேண்டும். வேகமும் அடங்கியே இருக்க வேண்டும்.

கூட ஓட்டுபவருக்கு ஒரு வேண்டுகோள். பேசிக்கொண்டு வந்தவர் மௌனமாகிவிட்டால், முன்சக்கரம் லேசாக அலைபாய்ந்தால், ஏற்றமே இல்லாத இடத்தில் பின்தங்கினால், “ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் பதில் வரும். கவரைப் பிரித்துக் கையில் கொடுங்கள்.

இது நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். 1924இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தை முடிவுக்கோட்டில் சோதித்த மருத்துவர்கள், மிகவும் தளர்ந்து விழுந்தவர்களுக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கியிருப்பதைக் கண்டார்கள். 1925இல் ஓட்டக்காரர்களை முன்னதாகவே மாவுச்சத்து மிகுந்த உணவு சாப்பிட வைத்து, வழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை; ஓடியவர்களும் நல்ல நிலையில் முடித்தார்கள்.

அடுத்த முறைக்கு: இரவு முழுவதும் மூளைக்குச் சர்க்கரை அனுப்பி அனுப்பி, விடியும்போது கல்லீரல் பாதிக்கும் மேல் காலியாகியிருக்கலாம். வெறும் வயிற்றில் விடியற்காலையில் கிளம்புபவர் குறையோடுதான் கிளம்புகிறார். கிளம்புவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் வரை மாவுச்சத்து சாப்பிடுங்கள். நேரம் அதிகம் இருந்தால் அதிகமாக, குறைவாக இருந்தால் குறைவாக. சாலையில் முதல் வாய்ச் சாப்பாடு முதல் அரை மணி நேரத்துக்குள். அப்போது பசிக்காது, பசிக்கும்வரை காத்திருப்பதுதான் பிழை. கைக்கடிகாரத்திலோ சைக்கிள் கணினியிலோ 20 நிமிடத்துக்கு ஒரு மணியோசை வைத்துக்கொள்ளுங்கள். நினைவை நம்ப வேண்டாம். சர்க்கரை குறைந்தால் முதலில் போவதே அந்த நினைவுதான்.

அறிகுறி: தலை தெளிவாக இருக்கிறது, கால்தான் வரவில்லை

கூர்மையான வலி இல்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் மிதியில் அழுத்தம் ஏறவே ஏறாது. இதயத் துடிப்பை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: உயிரைக் கொடுத்து மிதிப்பதுபோல் இருக்கும், துடிப்பு மட்டும் வழக்கமான உயரத்துக்குப் போகாது. தொடைத் தசைகளின் சேமிப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

உடனே செய்ய வேண்டியது: நேர்மையாகச் சொன்னால், சாலையில் இதற்கு முழு நிவாரணம் இல்லை. தசைக் கிளைக்கோஜன் மறுபடி நிறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நீங்கள் செய்யக்கூடியது, மீதித் தூரத்தைக் கொழுப்பிலும் அவ்வப்போது விழுங்கும் சர்க்கரையிலும் கடப்பது. கியரைக் குறைத்து இலகுவாகச் சுழற்றுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து தொடர்ந்து போகட்டும். யாருடைய பின்சக்கரமாவது கிடைத்தால் ஒட்டிக்கொள்ளுங்கள், காற்றை அவர் தாங்கட்டும். கால் வலுவாக இருப்பவர்கள் முன்னே போகட்டும். உங்கள் வேகத்துக்கு இறங்கி ஓட்டுவது அவர்கள் பொறுப்பு.

வழியில் சாப்பிடுவதால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தொடக்கம் முதல் சாப்பிட்டால் பயன் மிகப் பெரிது. 1986இல் எட்வர்ட் கோய்லும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் இனிப்புச் சுவை மட்டுமே உள்ள நீரைக் குடித்து ஏறத்தாழ 3 மணி நேரத்தில் ஓய்ந்தார்கள். அவர்களே மாவுச்சத்துப் பானத்தைக் குடித்தபோது ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கினார்கள். தசைக் கிளைக்கோஜன் கரைந்த வேகம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. கடைசி ஒரு மணி நேரம் அவர்களை ஓட்டியது ரத்தத்தில் தொடர்ந்து வந்த சர்க்கரை.

அடுத்த முறைக்கு: இந்தக் கோளாறைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது; வேகத்தால்தான் முடியும். ஒரு கணக்கைப் பாருங்கள். எரியும் சக்தியில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிதிக்குப் போய்ச் சேர்கிறது, மீதி வெப்பம். நடுத்தரப் பயிற்சி உள்ள ஒருவர் 150 வாட்டில் ஓட்டினால் மணிக்கு 600 கிலோகலோரிக்கு அருகில் எரியும். அதில் பாதி மாவுச்சத்து என்று வைத்தால் மணிக்கு 75 கிராம். அவரே 200 வாட்டில் ஓட்டினால் 800 கிலோகலோரிக்கு அருகில். மாவுச்சத்தின் பங்கு முக்கால் பங்காக ஏறினால் மணிக்கு ஏறத்தாழ 150 கிராம். மிதிக்கும் வலு மூன்றில் ஒரு பங்கு கூடியது. சர்க்கரைச் செலவு இரட்டிப்பானது. வேகம் எவ்வளவு கூடியது? காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் முப்படியாக வளர்வதால், சமதளத்தில் பத்து சதவீத அளவுதான்.

பாதையில் அது என்ன ஆகிறது? 100 கிலோமீட்டரில் முதல் 70ஐ மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, ஓய்ந்துபோய், மீதி 30ஐ மணிக்கு 18இல் ஊர்ந்து முடித்தால் மொத்தம் 4 மணி நேரம். தொடக்கம் முதல் முடிவுவரை சீராக 27இல் ஓட்டியவர் 3 மணி 42 நிமிடத்தில் வந்து சேர்ந்திருப்பார். முதல் பகுதியில் மிச்சம் பிடித்த கால் மணி நேரத்துக்கு, கடைசிப் பகுதியில் அரை மணி நேரத்துக்கும் மேல் விலை.

அறிகுறி: ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

சராசரி வேகம் அடக்கமாகத்தான் தெரிகிறது, ஒழுங்காகச் சாப்பிடவும் செய்கிறீர்கள், ஆனாலும் வற்றுகிறது என்றால் சராசரியை நம்பாதீர்கள். ஏற்றங்களில் முழு மூச்சில் ஏறி, இறக்கங்களில் மிதிக்காமல் இறங்கினால் சராசரி அழகாக இருக்கும். தசையோ ஏற்றத்தில் கொட்டிய கிளைக்கோஜனை இறக்கத்தில் திரும்பப் பெறுவதில்லை.

உடனே செய்ய வேண்டியது: அடுத்த ஏற்றத்தைத் தொடங்கும்போதே, தேவைப்படும் என்று தோன்றுவதைவிட ஒரு கியர் இலகுவாகப் போடுங்கள். முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். யாராவது முந்திப் போனால் போகட்டும்.

இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். நீண்ட பயணத்தின் முதல் ஒரு மணி நேரம், இவ்வளவு மெதுவாகவா என்று சங்கடப்படும் அளவுக்கு இருக்க வேண்டும். பவர் மீட்டர் (மிதிக்கும் வலுவை வாட்டில் காட்டும் கருவி) இருந்தால், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டில் 65 முதல் 75 சதவீதத்துக்குள் பயணம் முழுவதையும் வையுங்கள். ஏற்றத்திலும் 90 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கருவி இல்லாவிட்டாலும் குறையில்லை, பேச்சுச் சோதனை நன்றாகவே வேலை செய்யும். எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள், உழைப்பை மட்டும் பாருங்கள். வழக்கமான வேகத்தைக் காற்றுக்கு எதிராகக் காப்பாற்ற முயல்வது ஏற்றத்தில் விரட்டுவதற்குச் சமம்.

குழுவோடு போகும்போது இன்னொரு ஆபத்து உண்டு. பின்னால் ஒளிந்து ஓட்டினால் 30 சதவீத அளவுக்கு உழைப்பு மிச்சமாகலாம். ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் இடைவெளி விழுந்து, அதை மூட ஒவ்வொரு முறையும் பாய்ந்தால் அந்த மிச்சம் காணாமல் போகும். உங்களைவிட வலுவான குழு என்றால் முன்வரிசைக்குப் போகாதீர்கள். அதிலும் மூச்சு முட்டினால் அந்தக் குழுவை விட்டுவிடுவதே நல்லது.

ஏற்றத்தில் மூச்சும் மெல்லுதலும் ஒன்றாக நடக்காது. அடிவாரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள்.

அறிகுறி: குமட்டல், வயிறு உப்பல், சாப்பிட்டது அப்படியே நிற்கிறது

உடனே செய்ய வேண்டியது: கால் மணி நேரம் மிக மெதுவாக ஓட்டுங்கள். சர்க்கரையை நிறுத்தி, வெறும் தண்ணீரைச் சின்னச் சின்ன மிடறாகக் குடியுங்கள். குமட்டல் தணிந்ததும் இரண்டு மூன்று மிடறு நீர்த்த பானத்தோடு மறுபடி தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்க ஒரேயடியாகத் திணிக்க வேண்டாம்.

காரணம் பல இடங்களில் இருக்கலாம். முதலில் உழைப்பின் அளவைப் பாருங்கள். கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. வெயில் இதை இன்னும் மோசமாக்கும். அடுத்தது செறிவு. 100 மில்லி நீரில் 6 முதல் 8 கிராம் சர்க்கரை எளிதாக இரைப்பையைக் கடக்கும். ஜெல்லை விழுங்கிவிட்டு அதன் மேல் இனிப்புப் பானத்தைக் குடிப்பவர்கள், அறியாமலே இதைப் போல் இரண்டு மூன்று மடங்குச் செறிவை உள்ளே உருவாக்குகிறார்கள். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்தான் துணை.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. குடல் சுவரில் குளுக்கோஸுக்கு ஒரு வாசல், பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறொரு வாசல். குளுக்கோஸ் வாசல் மணிக்கு ஏறத்தாழ 60 கிராமோடு நெரிசலாகிவிடும். அதற்கு மேல் அனுப்பினால் குடலில் தேங்கும். ஃபிரக்டோஸைக் கலந்தால் இரண்டாம் வாசலும் திறந்து, மணிக்கு 90 கிராம் வரை எடுத்துக்கொள்ள முடியும். சாதாரணச் சர்க்கரையிலேயே இரண்டும் பாதிப் பாதியாக இருக்கின்றன. ஆகவே விலையுயர்ந்த பொடி இல்லாமலே நல்ல பானம் தயாரிக்கலாம்: 750 மில்லி பாட்டிலில் 60 கிராம் சர்க்கரை, அதாவது தலைதட்டிய ஐந்து மேசைக்கரண்டி, 1 கிராம் உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இது 8 சதவீதம். குடிக்க முடியாத அளவுக்கு இனிப்பாகத் தெரிந்தால், சர்க்கரையில் பாதிக்குப் பதிலாக மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, இனிப்பு மிகக் குறைந்த மாவுச்சத்துப் பொடியைப் போடலாம்.

எவ்வளவு மாவுச்சத்து வேண்டும் என்பதைப் பயணத்தின் நீளம் சொல்லும். இரண்டரை மணி நேரம் வரை மணிக்கு 30 முதல் 60 கிராம். அதற்கு மேல் போனால் 60 முதல் 90. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும், ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 22 முதல் 25, ஒரு ரொட்டித் துண்டில் 15க்குச் சற்றுக் குறைவு. 90 கிராமை முதல் நாளிலேயே முயன்றால் வயிறு ஒத்துக்கொள்ளாது. குடலுக்கும் பயிற்சி வேண்டும். மணிக்கு 40இல் தொடங்கி, வாராந்தர நீண்ட பயணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெரிய பயணத்தின் அன்று புதிய உணவைச் சோதிக்காதீர்கள். அதற்கு முந்தைய இரவு நார்ச்சத்தையும் எண்ணெய்ப் பண்டத்தையும் குறையுங்கள்.

அறிகுறி: சாப்பிட வேண்டும் என்று தெரிகிறது, மனம் வரவில்லை

ஐந்தாம் மணி நேரத்தில் இனிப்பைக் கண்டாலே வெறுப்பு வருவது இயல்பு. அதனால்தான் பையில் உள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்காவது உப்பாக இருக்க வேண்டும்: உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, சோற்று உருண்டை, உப்பு பிஸ்கட். மெல்ல முடியவில்லை என்றால் குடியுங்கள். வாய் காய்ந்திருந்தால் முதலில் தண்ணீர். விழுங்கவே முடியாத நிலையில், இனிப்புப் பானத்தை வாயில் கொப்பளித்துத் துப்பினால்கூடச் சிறிது நேரம் பலன் கிடைக்கும். 2004இல் ஒரு மணி நேர சைக்கிள் சோதனையில் இப்படிக் கொப்பளித்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். வாயில் உள்ள உணர்விகள் மூளைக்குத் தகவல் அனுப்புவதால் வரும் பலன் இது. சேமிப்பு எதுவும் நிறையாது. காபியும் இந்த வகைதான். கடைசி இரண்டு மணி நேரத்தைத் தாங்கக் காஃபீன் உதவும். உணவின் இடத்தை அது எடுத்துக்கொள்ள முடியாது.

குளிரும் மழையும் இதே கோளாறை வேறு வழியில் கொண்டுவரும். விரல் மரத்துப்போய்க் கவரைப் பிரிக்க முடியாது, மழைச் சட்டைக்கு அடியில் இருக்கும் பையை எட்ட முடியாது, தாகமும் எடுக்காது. உடம்போ நடுங்கி நடுங்கிக் கூடுதலாக எரித்துக்கொண்டிருக்கும். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற மிகேல் இந்துராய்ன், 1996இல் மழைநாள் ஒன்றில் லெஸ் ஆர்க் மலை ஏற்றத்தின் கடைசிக் கிலோமீட்டர்களில் சர்க்கரை இறங்கித் தடுமாறினார். 3 நிமிடத்துக்கும் மேல் இழந்தார். ஆறாவது வெற்றி அந்தச் சாலையிலேயே நழுவியது. உலகின் மிகச் சிறந்த கால்களுக்கே இந்த நிலை என்றால், நாம் குளிர்நாளில் கவர்களைப் பாதி பிரித்துவைத்துக்கொண்டு கிளம்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அறிகுறி: கிளம்பிய அரை மணி நேரத்திலேயே தளர்வு

கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு இனிப்பு சாப்பிட்டீர்களா? சிலருக்கு இன்சுலின் உச்சத்தில் இருக்கும்போது மிதிக்கத் தொடங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மெதுவாகவே ஓட்டுங்கள், பெரும்பாலும் இருபது நிமிடத்தில் சரியாகிவிடும். இனிமேல் சாப்பாட்டை 2 மணி நேரத்துக்கு முன் தள்ளுங்கள், அல்லது மிதிக்கத் தொடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பே சாப்பிடவில்லை என்றால் முந்தைய நாளைப் பாருங்கள். தூக்கம் குறைந்திருக்கும், அல்லது கடும் பயிற்சிக்குப் பின் போதிய உணவு போயிருக்காது.

அறிகுறி: தலைவலி, உப்பல், துடிப்பு ஏறுகிறது, வேகம் இறங்குகிறது

தண்ணீர் குறைந்ததா, கூடியதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே முக்கியம். இரண்டிலும் தலை வலிக்கும், குமட்டும்.

குறைந்திருந்தால் வாய் காயும், தாகம் எடுக்கும், சிறுநீர் அடர்ந்திருக்கும். அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். நிழலில் நின்று, உப்புச் சேர்ந்த பானத்தை நிதானமாகக் குடியுங்கள். தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். வெயிலில் கிளைக்கோஜனும் வேகமாகக் கரையும் என்பதால், வெப்பமான நாளில் வழக்கமான வேகம் என்று ஒன்று கிடையாது. முதல் மணி நேரத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

கூடியிருந்தால் வயிறு தளும்பும், விரல்கள் வீங்கி மோதிரமும் கையுறையும் இறுகும், தாகம் இருக்காது, ஆனாலும் குடித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. இந்த நிலையில் மேலும் தண்ணீர் குடிக்கக் கூடாது. உப்பான ஏதாவது சாப்பிடுங்கள். குழப்பமோ வாந்தியோ சேர்ந்தால் உடனே மருத்துவமனை.

உங்கள் அளவைக் கண்டுபிடிப்பது எளிது. பயணத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பற்றாக்குறை. உடல் எடையில் 2 சதவீதம் வரை குறைவதில் பயமில்லை. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். வியர்வை மணிக்கு அரை லிட்டரிலிருந்து 2 லிட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே அடுத்தவரின் பாட்டில் கணக்கு உங்களுக்கு உதவாது.

அறிகுறி: முதல் நாள் நன்றாகப் போனது, இரண்டாம் நாள் தொடக்கத்திலேயே கால் காலி

காரணம் முதல் நாள் மாலையில் இருக்கிறது. 1960களில் ஸ்வீடனில் பெரிஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒற்றைக் காலால் சைக்கிள் மிதித்து, இரு தொடைகளிலும் ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். உழைத்த காலில் சேமிப்பு வற்றியது. மாவுச்சத்து மிகுந்த உணவு சாப்பிட்டபின் அதே கால், ஓய்ந்திருந்த காலைவிட அதிகமாகவே நிரம்பியது. காலி செய்த தசை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். கொடுப்பதுதான் நம் வேலை. இறங்கியதும் முதல் 4 மணி நேரத்துக்கு, மணிக்குக் கிலோ எடைக்கு 1 கிராம் என்று மாவுச்சத்து சாப்பிடுங்கள். குளித்து, சைக்கிளைத் துடைத்து, படங்களைப் பார்த்து முடித்த பிறகு சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டால் மறுநாள் காலைக்கு நேரம் போதாது.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்

இரண்டு முறை சர்க்கரை எடுத்து, அரை மணி நேரம் காத்திருந்தும் தலை தெளியவில்லை என்றால் அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை நம்பும் கை நடுங்கக் கூடாது. வண்டிகள் விரையும் சாலையில் சர்க்கரை இறங்கிய மூளை முடிவெடுக்கக் கூடாது. யாரையாவது வரச் சொல்லுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் ஏறுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, அடக்கமாக ஓட்டியும் இது திரும்பத் திரும்ப நடந்தால், சாப்பாட்டுத் திட்டத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டுக் குறையும் இதே தளர்வைத்தான் தரும்; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.